உறைக்குள் இருப்பதற்குத்தான் ஆய்வகம் பதில் சொல்லும்: தடய அறிவியல் கேள்வி–பதில்

தடய அறிவியல் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சொந்த வீட்டுத் துக்கத்திலிருந்து எழுதப்பட்டவை. ஊர்ப் பெயரைத் தவிர மற்ற அடையாளங்களை எடுத்துவிட்டோம். ஆய்வக வேலையையும் நீதிமன்ற நடைமுறையையும் நன்கு அறிந்தவர்கள் பதில் தருகிறார்கள்.

பிரேதப் பரிசோதனை, கைரேகை, ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே அலுவலகத்திலா நடக்கின்றன? தடய அறிவியல் துறை போலீஸின் ஒரு பிரிவுதானே?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

இல்லை. தமிழ்நாட்டில் குறைந்தது மூன்று தரப்பினர் இதில் வேலை செய்கிறார்கள். உடலை அறுத்துப் பார்ப்பவர் அரசு மருத்துவர். மருத்துவக் கல்லூரி உள்ள ஊர் என்றால் அங்குள்ள சட்டம் சார்ந்த மருத்துவத் துறையினர். சம்பவ இடத்தில் பவுடர் தூவி ரேகை எடுப்பவர்கள் காவல் துறையின் விரல் ரேகைப் பிரிவினர். ரத்தக் கறை, விஷம், எரிந்த துணி, வெடிமருந்து, துப்பாக்கிக் குண்டு, கள்ள நோட்டு, கையெழுத்து, டி.என்.ஏ. ஆகியவற்றை ஆராய்வது தடய அறிவியல் துறை. இது உள்துறையின் கீழ் இயங்கும் தனித் துறை. தலைமையகம் சென்னை மயிலாப்பூரில் இருக்கிறது. மதுரை, கோவை, திருச்சி, சேலம், திருநெல்வேலி போன்ற ஊர்களில் வட்டார ஆய்வகங்கள் உண்டு.

இதன் வேர் 1849இல் சென்னையில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம். அன்று வந்த வழக்குகளில் பெரும்பாலும் கேட்கப்பட்டது ஒன்றுதான்: விஷம் வைத்தார்களா, இல்லையா? கைரேகைக்கும் நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. குற்றவாளிகளை அடையாளம் காண 1897இல் கொல்கத்தாவில் ரேகை அலுவலகம் திறந்தார்கள். ரேகைகளை வகைப்படுத்தும் முறை எட்வர்ட் ஹென்றியின் பெயரில் உலகம் முழுக்கப் போனாலும், அதன் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர்கள் அவரிடம் வேலை பார்த்த அஜிஸுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும்தான்.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, அப்போதைய தமிழ்நாடு தடய அறிவியல் இயக்குநர் பி. சந்திரசேகரனும் அவரது குழுவினரும் மைதானத்தில் சிதறிக் கிடந்த துணித் துண்டு, ஒயர், இரும்புக் குண்டுமணி என ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். யார் உடலில் எந்தப் பக்கம், எந்த உயரத்தில் காயம் என்பதோடு அவற்றை ஒப்பிட்டு, வெடிகுண்டு ஒரு பெண்ணின் உடலில் கட்டப்பட்டிருந்தது என்று நிறுவினார்கள். அத்தனையும் மண்ணில் கிடந்த பொருள்கள். மறுநாள் அந்த இடத்தைப் பெருக்கித் தள்ளியிருந்தால் எதுவும் மிஞ்சியிருக்காது.

என் தங்கையைப் புகுந்த வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தபோது வாயில் பூச்சி மருந்து வாடை அடித்தது. மூன்று நாள் சிகிச்சைக்குப் பிறகு இறந்துவிட்டாள். உள்ளுறுப்பு அறிக்கையில் 'விஷம் கண்டறியப்படவில்லை' என்று வந்திருக்கிறது. அறிக்கையை மாற்றிவிட்டார்களா?
– வாசகர், விழுப்புரம்

உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் அறிக்கையை மாற்றித்தான் இப்படி வர வேண்டும் என்பதில்லை. மூன்று நாள் உயிரோடு இருந்து சிகிச்சை பெற்றவரின் உள்ளுறுப்பில் விஷம் அகப்படாமல் போவது அடிக்கடி நடப்பது. வாந்தியில் ஒரு பகுதி போகும். இரைப்பையைக் கழுவும்போது பெரும்பகுதி போகும். மீதியை ஈரல் சிதைக்கும், சிறுநீரில் வெளியேறும். அதன் பிறகு எடுக்கும் ஈரலில் தேடினால் கிடைப்பது அரிது.

மருத்துவர் பொதுவாக எடுத்து அனுப்புபவை இவை: இரைப்பையும் அதில் உள்ளவையும், சிறுகுடலின் மேல்பகுதி சுமார் 30 செ.மீ., ஈரல் சுமார் 500 கிராம், இரண்டு சிறுநீரகங்களிலும் பாதி, ரத்தம் 10 மி.லி., இருந்தால் சிறுநீர். இரைப்பையும் குடலும் ஒரு பாட்டிலில், ஈரலும் சிறுநீரகமும் வேறு பாட்டிலில். சாதாரண உப்பைக் கரையாத அளவுக்குப் போட்டு எடுத்த செறிவான கரைசலில் அவை மூழ்க வேண்டும். அழுகும்போது வாயு உண்டாகும் என்பதால் பாட்டிலை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. அந்த உப்புக் கரைசலிலும் கொஞ்சம் தனியாக அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் 'விஷம் உப்பிலேயே இருந்திருக்கலாமே' என்று எதிர்த் தரப்பு வக்கீல் கேட்பார். ரத்தத்துக்கு சோடியம் ஃப்ளோரைடு சேர்ப்பார்கள். அது இல்லாத ரத்தத்தில் நுண்ணுயிர்கள் தாமே ஆல்கஹால் உண்டாக்கும். குடிக்காதவர் குடித்ததாக அறிக்கை வரும்.

இத்தகைய வழக்குகளில் தவறு நேரும் இடங்கள் பெரும்பாலும் ஆய்வகத்துக்கு முன்னால்தான் இருக்கின்றன. உப்புக்குப் பதில் ஃபார்மலினில் போட்டுவிடுவார்கள். அதில் பல விஷங்களைத் தேட முடியாது. பாட்டில் வாரக்கணக்கில் காவல் நிலைய அலமாரியில் கிடக்கும். கூடவே போகும் கடிதத்தில் 'விஷம் உள்ளதா?' என்ற ஒரே வரி இருக்கும். எந்த மருந்தின் மீது சந்தேகம், என்ன சிகிச்சை தரப்பட்டது என்று எழுதியிருந்தால் ஆய்வாளர் அதற்கான சோதனையைத் தேர்ந்து செய்வார். தாவர விஷங்களுக்கு இது இன்னும் அவசியம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மருத்துவமனையின் கேஸ் ஷீட்டை வழக்கில் சேர்க்கச் சொல்லி புலன் விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் மனு கொடுங்கள். மருத்துவமனையில் சேர்க்கும்போது கண்பாவை சுருங்கியிருந்ததா, ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் அளவு எவ்வளவு, விஷமுறிவு மருந்தான அட்ரோபின் எத்தனை நாள் போட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். கோலினெஸ்டரேஸ் தரைமட்டத்துக்கு இறங்கியிருந்து, அட்ரோபினும் தொடர்ந்து தரப்பட்டிருந்தால், பூச்சி மருந்துக்கு அது வலுவான சான்று. முதல் நாள் எடுத்த ரத்தமோ இரைப்பைக் கழுவு நீரோ பத்திரமாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது உள்ளுறுப்பை விடப் பல மடங்கு பயன்படும். பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் இவை அனைத்தையும் பார்த்த பிறகே இறுதிக் கருத்து எழுத வேண்டும். கேஸ் ஷீட் அவர் கைக்குப் போனதா என்பதை உறுதி செய்யுங்கள். உள்ளுறுப்பில் விஷம் அகப்படவில்லை என்ற ஒரே காரணத்தால் விஷக் கொலை வழக்கு விழுந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1972லும், மீண்டும் 2014லும் சொல்லியிருக்கிறது. திருமணமாகி ஏழு ஆண்டு ஆகவில்லை என்றால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை நடந்திருக்க வேண்டும். அந்த அறிக்கையையும் கேளுங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் ஒன்று: விஷம் அருந்தியவரைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, பக்கத்தில் கிடக்கும் பாட்டிலை மூடி எடுத்துச் செல்லுங்கள். உயிரைக் காப்பாற்ற மருத்துவருக்கு உதவும். பிறகு வழக்குக்கும் உதவும். வாந்தி பட்ட துணியைத் துவைக்காதீர்கள்.

கிணற்றில் கிடந்த உடல், விழுந்து மூழ்கியதா, கொன்று போட்டதா என்று கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், தருமபுரி

பல நேரங்களில் முடியும். மூச்சு இருக்கும்போது மூழ்கினால் தண்ணீரோடு டயாட்டம் என்ற நுண்பாசி நுரையீரலுக்குள் போய், ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரை சென்றுவிடும். இறந்த உடலைப் போட்டால் ரத்த ஓட்டம் இல்லை என்பதால் மஜ்ஜைக்குப் போகாது. தொடை எலும்பு அல்லது மார்பெலும்பின் மஜ்ஜையை அமிலத்தில் கரைத்து, எஞ்சும் சிலிக்கா ஓடுகளை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அதே கிணற்றுத் தண்ணீரையும் சுத்தமான பாட்டிலில் எடுத்து அனுப்பினால்தான் ஒப்பிட முடியும். இதைத்தான் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். கிணற்றில் டயாட்டம் குறைவாக இருந்தால் மூழ்கியவர் உடலிலும் அகப்படாது. அதனால் நுரையீரல் நிலை, காயங்கள் ஆகியவற்றோடு சேர்த்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வருவார்.

வீட்டில் திருட்டு. போலீஸ் வர இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் பீரோவைச் சரிபார்த்துவிட்டோம். கைரேகை போய்விட்டிருக்குமா?
– இல்லத்தரசி, ஓசூர்

நீங்கள் தொட்ட இடத்தில் போயிருக்கலாம்; தொடாத இடத்தில் இருக்கும். திருடன் தொட்டிருக்கக்கூடிய வழவழப்பான இடங்கள்தான் முக்கியம்: பீரோக் கதவு, லாக்கரின் உட்புறம், ஜன்னல் கண்ணாடி, பெயின்ட் அடித்த கம்பி, எடுத்துக் குடித்த தண்ணீர் டம்ளர். கரடுமுரடான சுவர், சாதாரணத் துணி, பட்டை உரிந்த மரம் இவற்றில் ரேகை தெளிவாக விழாது.

ரேகை என்பது வியர்வையும் எண்ணெய்ப் பசையும்தான். வழவழப்பான பரப்பில் மெல்லிய பிரஷால் பவுடர் தூவினால் அந்தப் பசையில் ஒட்டும். முதலில் போட்டோ எடுத்துவிட்டு, பிறகு ஒட்டும் டேப்பால் தூக்கி அட்டையில் ஒட்டுவார்கள். அழுத்தித் தேய்த்தால் ரேகை வரிகளே அழிந்துவிடும். பிளாஸ்டிக் பையைப் பெட்டிக்குள் தொங்கவிட்டு, ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையில் உள்ள சயனோஅக்ரிலேட்டைச் சூடாக்கிப் புகை காட்டினால் ரேகை வெள்ளையாக எழும். காகிதத்துக்கு நின்ஹைட்ரின், வியர்வையிலுள்ள அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஊதா நிறம் தரும். ஏ.டி.எம். ரசீது போன்ற வெப்பத் தாளில் வழக்கமான நின்ஹைட்ரின் கரைசலைப் போட்டால் தாளே கறுத்துவிடும்; அதற்கு வேறு முறை உண்டு.

உங்கள் வீட்டார் ரேகையையும் கொடுக்கச் சொன்னால் சங்கடப்படாதீர்கள். பீரோவில் கிடைத்தவற்றில் வீட்டாருடையதைக் கழித்தால்தான் மீதி யாருடையது என்று தேட முடியும். இனி ஒருவேளை இப்படி நடந்தால் ஓர் அறையைப் பூட்டிவிட்டு வெளியே நில்லுங்கள். விளக்கு, ஃபேன் சுவிட்சைக்கூட விரல் முட்டியால் போடுங்கள். சிதறியதை அடுக்க வேண்டாம்.

சுருளி அருவி இரட்டைக் கொலை வழக்கில் டி.என்.ஏ. பொருந்தியும் விடுதலையாம். டி.என்.ஏ.வையே நம்ப முடியாதென்றால் வேறு எதை நம்புவது?
– வாசகர், தேனி

2011இல் நடந்த அந்தக் கொலைக்காக மரண தண்டனை பெற்றிருந்தவரை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது உண்மை. டி.என்.ஏ. அறிவியல் பொய் என்று நீதிமன்றம் எங்கும் சொல்லவில்லை. உடலில் எடுத்த மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, ஆய்வகத்தை அடையும் வரை எங்கே, எந்த நிலையில் இருந்தது என்பதற்கு நம்பத்தக்க கணக்கு இல்லை என்றது. அப்படிக் கணக்கு இல்லாதபோது, ஆய்வகம் 'பொருந்துகிறது' என்று சொன்னாலும் எதனோடு எது பொருந்தியது என்ற கேள்வி நிற்கிறது.

சோதனையை முதலில் பார்ப்போம். நம் மரபணுவில் சில இடங்களில் ஒரே சிறு துணுக்கு அடுத்தடுத்துத் திரும்ப வரும். எத்தனை முறை என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வோர் இடத்துக்கும் தாய் வழியாக ஓர் எண், தந்தை வழியாக ஓர் எண். இப்படி இருபது இடங்களையோ அதற்கு மேலோ எண்ணி, கறையில் கிடைத்த எண்களையும் சந்தேக நபரின் எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். எல்லாம் ஒத்தால், தொடர்பில்லாத இன்னொருவருக்கு இதே தொகுப்பு அமைய எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுவார்கள். அது கோடியில் ஒன்றை விடவும் குறைவாக வரும். ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்கு மட்டும் இது பொருந்தாது.

மாதிரியை நகல் பெருக்கித்தான் படிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு போதும். இதன் பலமும் ஆபத்தும் இதுதான். கையுறை மாற்றாமல் அடுத்த பொருளைத் தொட்டாலோ, சந்தேக நபரின் சட்டையையும் இறந்தவரின் உடையையும் ஒரே பையில் போட்டாலோ, ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவிவிடும். ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் நம் ஊர் வெயிலில் ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சணம் பூத்து, டி.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும். ரத்தக் கறை பட்ட துணியை நிழலில், காற்றில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட வேண்டும். வெயிலில் காயப்போடக் கூடாது. ஆளிடமிருந்து எடுக்கும் ரத்தம் உறையாமல் இருக்க இ.டி.டி.ஏ. குழாயில், குளிரில் வைக்க வேண்டும். டி.என்.ஏ.வுக்கான திசுவை ஃபார்மலினில் போட்டால் பாழ்.

அந்தத் தீர்ப்பிலேயே நாடு முழுமைக்கும் நடைமுறை வகுத்தார்கள். மாதிரி எடுத்ததும் முதல் தகவல் அறிக்கை எண், சட்டப் பிரிவு, காவல் நிலையம், புலன் விசாரணை அதிகாரி பெயர் ஆகியவற்றை எழுதி, மருத்துவர், அதிகாரி, சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் காரணத்தை வழக்கு நாட்குறிப்பில் எழுத வேண்டும். விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியில்லாமல் உறையைத் திறக்கவோ மறுபடி முத்திரையிடவோ கூடாது. யார் யாரிடம் எப்போது இருந்தது என்ற பதிவேடு தீர்ப்பு வரும் வரை தொடர வேண்டும்.

நம் மாநிலத்தில் வழக்கமான பாதை இது: சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜர், பொருளை எடுத்ததற்கான கைப்பற்றுதல் மகஜர், அரக்கு முத்திரை, பொருளை நீதிமன்றத்துக்கு அனுப்பும் படிவம் 95 மூலம் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அங்கிருந்து நீதிமன்றக் கடிதத்தோடு ஆய்வகம். ஆய்வகத்தில் வாங்குபவர் முதலில் பார்ப்பது ஒப்பிட அனுப்பிய மாதிரி முத்திரையும் உறை மேலுள்ள முத்திரையும் ஒன்றா என்பதைத்தான். அரக்கு உடைந்திருந்தால் அதை எழுதிவைப்பார். உள்ளே என்ன இருக்கிறதோ அதற்குத்தான் அவரால் பதில் சொல்ல முடியும். உறை வந்த வழிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் காவல் அதிகாரி. சுருளியில் இறந்தவர்களின் குடும்பத்துக்கும் சரி, தூக்குத் தண்டனையின் கீழ் பல ஆண்டு சிறையில் கிடந்தவருக்கும் சரி, அந்தப் பதில் கிடைக்காமல் போனதுதான் அநீதி.

ஒரு செய்தியையும் மறக்கக் கூடாது. இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் நடந்த இரண்டு கொலைகளில் டி.என்.ஏ. முதன்முதலாகக் குற்றப் புலனாய்வுக்குப் பயன்பட்டபோது, அது முதலில் செய்தது ஒருவரைக் காப்பாற்றியதைத்தான். 1986இல் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த இளைஞர் குற்றவாளி அல்ல என்று மரபணு விஞ்ஞானி அலெக் ஜெஃப்ரீஸின் சோதனை காட்டியது. உண்மையான குற்றவாளிக்கு 1988இல் தண்டனை கிடைத்தது.

மகளுக்குப் பாலியல் கொடுமை நடந்துவிட்டால் முதலில் ஆஸ்பத்திரிக்கா, ஸ்டேஷனுக்கா? குளித்துவிட்டால் ஆதாரம் போய்விடுமா?
– ஒரு தாய்

முதலில் ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனையோ தனியாரோ, இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் பார்ப்போம் என்று சொல்ல முடியாது. காவல் துறைக்கு அவர்களே தகவல் தருவார்கள்.

முடிந்தால் குளிக்காமல், பல் துலக்காமல், உடை மாற்றாமல் போவது நல்லது. மாற்றியாகிவிட்டதென்றால் அந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துச் செல்லுங்கள். உள்ளாடையைத் தனிப் பையில். குளித்துவிட்டாள் என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். உடலுக்குள்ளிருந்து எடுக்கும் மாதிரிகளை நான்கு நாள் வரை எடுக்கலாம் என்று மத்திய சுகாதாரத் துறையின் வழிகாட்டுதல் சொல்கிறது. உடையில் உள்ள கறை அதற்குப் பிறகும் இருக்கும். காயம் இல்லை, விந்தணு இல்லை என்பதால் கொடுமை நடக்கவில்லை என்றாகாது.

பரிசோதனைக்கு உங்கள் மகளின் சம்மதம் வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுமி என்றால் பாதுகாவலரின் சம்மதம். ஒரு பகுதிக்கு ஒப்புக்கொண்டு இன்னொன்றை மறுக்கலாம். மறுத்தாலும் சிகிச்சை கிடைக்க வேண்டும். இரு விரல் சோதனையை யாராவது செய்ய முயன்றால் நிறுத்துங்கள். அதற்கு அறிவியல் அடிப்படை இல்லை; அதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றம் புரிந்தவராவார் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது.

அப்பாவின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு நிலத்தைக் கிரயம் செய்துவிட்டார்கள். அப்பா இறந்துவிட்டார். ஜெராக்ஸை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், புதுக்கோட்டை

ஜெராக்ஸ் போதாது. கையெழுத்து நிபுணர் எழுத்தின் வடிவத்தை மட்டும் பார்ப்பதில்லை. பேனா எங்கே அழுத்தியது, எங்கே தளர்ந்தது, எங்கே எடுத்து மறுபடி வைத்தது என்பதைச் சாய்வான வெளிச்சத்திலும் நுண்ணோக்கியிலும் பார்க்கிறார். பார்த்து வரைபவன் மெதுவாகப் போவான். கோட்டின் தொடக்கமும் முடிவும் மழுங்கி, அழுத்தம் முழுக்க ஒரே சீராக, தேவையில்லாத இடத்தில் பேனா எடுத்த தடம் தெரியும். வயதானவரின் நடுக்கம் வேறு மாதிரி. நடுங்கினாலும் ஓட்டம் தன் போக்கில் இருக்கும். நகலில் இவை எல்லாம் கறுப்பு மையாகிவிடும்.

நீங்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. பதிவு செய்த கிரயம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தவரின் பெருவிரல் ரேகை பதிவாகியிருக்கும். கையெழுத்தைப் பழகிப் போடலாம். ரேகையைப் பழக முடியாது. உங்கள் அப்பா வேறு பத்திரத்திலோ வங்கியிலோ வைத்த, சந்தேகமில்லாத ரேகை ஒன்று கிடைத்தால் வழக்கு அங்கேயே பாதி முடியும். அந்த ரேகைப் பதிவேட்டை வரவழைக்க நீதிமன்றத்தில் மனுப் போடச் சொல்லுங்கள்.

கையெழுத்துக்கும் போகலாம். கிரயத் தேதியை ஒட்டிய இரண்டு மூன்று ஆண்டுகளில் அவர் இயல்பாகப் போட்ட கையெழுத்துகளைத் திரட்டுங்கள்: காசோலை, வங்கிக் கணக்கு தொடங்கிய படிவம், கூட்டுறவுச் சங்கக் கடன் பத்திரம், பிள்ளைகளின் ரேங்க் கார்டு. ஒன்றிரண்டு போதாது. பத்துக்கு மேல் இருந்தால் அவரது வழக்கமான மாறுபாடு எவ்வளவு என்பது தெரியும். எதையும் லேமினேட் செய்யாதீர்கள், மடிக்காதீர்கள், பென்சிலால்கூட வட்டம் போடாதீர்கள். உரிமையியல் வழக்கில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 26, விதி 10ஏ-யின் கீழ் அறிவியல் ஆய்வுக்கு அனுப்பச் சொல்லி மனு செய்யலாம். 'இந்த மை எந்த ஆண்டு எழுதியது' என்ற கேள்விக்கு மட்டும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். உறுதியான பதில் பெரும்பாலும் வராது.

விபத்து பதிவான சிசிடிவி காட்சியைக் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கோர்ட்டில் செல்லுமா?
– வாசகர், திருப்பூர்

அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். வாட்ஸ்அப் காட்சியைச் சுருக்கிவிடும். வண்டி எண் தெரிய வேண்டிய இடம் கட்டம் கட்டமாகிவிடும். மூலப் பதிவு டி.வி.ஆர். பெட்டியின் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. டிஸ்க் நிறைந்ததும் பழையதன் மேல் புதியது பதிவாகும். பல கடைகளில் இது 15 நாள், 30 நாள்தான். ஆகவே இன்றே கடைக்காரருக்கும் காவல் நிலையத்துக்கும் தேதி, நேரம் குறிப்பிட்டு, பதிவை அழியாமல் எடுத்து வைக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள்.

எடுக்கும்போது டி.வி.ஆர். காட்டும் நேரத்தையும் செல்போன் நேரத்தையும் ஒன்றாகப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். பல பெட்டிகளில் கடிகாரம் பத்து, இருபது நிமிடம் தவறாக ஓடும். அந்த வித்தியாசம் பதிவாகவில்லை என்றால் நல்ல ஆதாரமும் குழப்பமாகும். பிரதி எடுத்த கோப்புக்கு, அதன் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிடும் ஹாஷ் எண் போட வேண்டும். ஒரு பிக்சல் மாறினாலும் அந்த எண் முழுக்க மாறிவிடும் என்பதால், பிறகு யாரும் கைவைக்கவில்லை என்று காட்ட அதுவே சாட்சி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவின்படி, இயந்திரத்துக்குப் பொறுப்பானவரும் நிபுணரும் கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டும். அதில் ஹாஷ் எண்ணும் இருக்க வேண்டும்.

உண்மை கண்டறியும் ஊசியைப் போட்டால் எல்லா வழக்கும் ஒரு நாளில் முடிந்துவிடாதா?
– வாசகர், நாகர்கோவில்

முடியாது. மயக்க மருந்து தடுப்பைத் தளர்த்தும், உண்மையை வரவழைக்காது. அரை மயக்கத்தில் இருப்பவர் கேட்பவர் தூண்டியதையும் கற்பனையையும் சேர்த்தே சொல்வார். ஒருவரின் சம்மதமின்றி நார்கோ (இந்த ஊசி), பாலிகிராஃப் (பொய் கண்டறியும் கருவி), மூளை மின்னலை சோதனைகளைச் செய்வது அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதம் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விரல் ரேகை, ரத்தம், கையெழுத்து மாதிரி வேறு வகை: அவை உடலில் ஏற்கெனவே இருப்பவை அல்லது ஒப்பிடுவதற்கானவை, வாக்குமூலம் அல்ல. அவற்றைச் சட்டப்படி எடுக்கலாம்.

நிபுணர் சொன்னால் அது இறுதிதானா? அவர்கள் தவறியதே இல்லையா?
– சட்ட மாணவர், சென்னை

தவறியிருக்கிறார்கள், மோசமாகவே தவறியிருக்கிறார்கள். அமெரிக்காவின் மத்திய புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தன் நிபுணர்கள் முடியை நுண்ணோக்கியில் ஒப்பிட்டுச் சொன்ன பழைய சாட்சியங்களைத் திரும்பிப் பார்த்து, அவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல் தவறான கூற்றுகள் இருந்ததாக 2015இல் ஒப்புக்கொண்டது. 'ஒத்திருக்கிறது' என்று மட்டுமே சொல்லக்கூடிய இடத்தில் 'அவருடையதே' என்று சொல்லியிருந்தார்கள். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு ரேகை ஓரேகான் மாநில வழக்கறிஞர் ஒருவருடையது என்று அதே அமைப்பு உறுதியாகச் சொல்லி, அவரை இரண்டு வாரம் அடைத்து வைத்தது. அந்த ரேகை வேறொருவருடையது என்று ஸ்பெயின் போலீஸ் கண்டுபிடித்தது. கணினி முதலில் ஒரு பெயரைத் தந்தது; அடுத்துப் பார்த்தவர்களும் அந்த விடையை மனதில் வைத்துக்கொண்டே பார்த்தார்கள். அதனால்தான் இரண்டாமவர் முதலாமவரின் முடிவு தெரியாமல் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

நிபுணர் கருத்து நம் சட்டத்திலும் கருத்துதான், நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. அரசு நிபுணரின் அறிக்கையை அவரைக் கூப்பிடாமலேயே சான்றாக ஏற்கலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் நீதிமன்றம் விரும்பினால் அவரை வரவழைக்கலாம். வக்கீலாகப் போகிறவர் நீங்கள். அப்படி வரவழைக்கக் கேளுங்கள். வந்ததும் குறுக்கு விசாரணையில் அறிக்கையின் கடைசி வரியை விட்டுவிட்டு, செய்த சோதனைகளைக் குறித்துவைத்த வேலைத்தாளைக் கேளுங்கள். ரத்தம் என்று காட்டிய முதல் சோதனை எது? பினால்ஃப்தலீன் சோதனை சில காய்கறிச் சாற்றுக்கும் இளஞ்சிவப்பாக மாறும். உறுதிச் சோதனை செய்தாரா? மனித ரத்தமா என்று பார்த்தாரா? வகை தெரிந்ததா? 'மனித ரத்தம், வகை முடிவுக்கு வரவில்லை' என்ற அறிக்கையை வைத்துக்கொண்டு அரிவாளில் இருந்தது இறந்தவரின் ரத்தமே என்று வாதிடுவது நம் நீதிமன்றங்களில் சாதாரணமாக நடக்கிறது.

புதிய சட்டப்படி எல்லா வழக்குக்கும் தடய நிபுணர் வருவாரா?
– வாசகர், வேலூர்

ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றம் என்றால் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்து ஆதாரம் சேகரிக்க வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு சொல்கிறது. இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம். நல்ல விதி. ஆனால் ஆட்களும் வண்டிகளும் கூடாமல் விதி மட்டும் கூடினால், நிபுணர் வரும் வரை இடத்தைக் காக்க வேண்டிய காவலரின் பொறுப்பு அதிகமாகும். மழை வருகிறது என்றால் காலடித் தடத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைக்கத் தெரிந்த காவலர் ஒவ்வொரு நிலையத்திலும் இருக்க வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் குடும்பத்துக்கு ஆய்வக அறிக்கையின் நகல் கிடைக்குமா? ஸ்டேஷனில் கேட்டால் கோர்ட்டில் வாங்கிக்கொள் என்கிறார்கள்.
– வாசகி, சிவகங்கை

கிடைக்கும். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ காவல் துறை தெரிவிக்க வேண்டும். குற்றப் பத்திரிகை தாக்கலாகி எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) நீதிமன்றத்தில் ஆஜரான 14 நாளுக்குள் ஆவணங்களின் நகல் எதிரிக்குத் தரப்பட வேண்டும். பாதிக்கப்பட்டவர் வக்கீல் வைத்திருந்தால் அவருக்கும் தர வேண்டும் என்று அதே சன்ஹிதாவின் 230ஆம் பிரிவில் இப்போது சேர்த்திருக்கிறார்கள். ஆகவே வக்காலத்துப் போட்டுவிட்டு நகல் மனு கொடுங்கள். அறிக்கையோடு, ஆய்வகத்துக்குப் பொருளை அனுப்பிய நீதிமன்றக் கடிதம், படிவம் 95, பிரேதப் பரிசோதனைச் சான்று, மருத்துவரின் இறுதிக் கருத்து ஆகியவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். கையில் வந்ததும், பொருள் கைப்பற்றிய தேதி, நீதிமன்றம் வந்த தேதி, ஆய்வகம் பெற்ற தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி உங்கள் வக்கீலிடமும் அரசு வழக்கறிஞரிடமும் கொடுங்கள். இடைவெளி இருந்தால் அதற்கு விளக்கம் சொல்லக்கூடிய சாட்சியை விசாரணை முடிவதற்குள் அழைக்க வேண்டும். மேல்முறையீட்டில் அந்த வாய்ப்பு கிடைப்பது அரிது.